காற்று வரும் பக்கம் உட்கார்ந்தவர்

கொல்லம் 1087 மகரம் 9, திங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளியல். பழங்கஞ்சியும் காணத் துவையலும். எட்டரைக்குப் பகுதிக் கச்சேரி. நெய்யாற்றின்கரைத் தாலூகாவிலிருந்து திரும்பி வந்த நிலப் பதிவுகளில் பதினொன்றை நகலெடுத்தேன். ஒரு பக்கத்தில் மை சிந்தியதால் அதை மறுபடி எழுதினேன். நான்கு மணிக்கு வீடு. நாலரைக்குக் கோயிலில் ஐந்து வீட்டார் கூட்டம். மாலைக்காரர் வேலையிலிருந்து விலக அனுமதி கேட்டார். அனுமதி இல்லை. ஆறரைக்குத் தீபாராதனை. ஒன்பதுக்கு உறக்கம்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. பதினெட்டு வருடம் கழித்துப் படிக்கிறேன். மை சிந்தியதைக்கூட விடாமல் எழுதிய நான், மாலைக்காரரைப் பற்றி ஏழு சொல்லோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் கோயில் பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவே வயல் ஓரத்தில் இருக்கிறது. சிறிய சிவன் கோயில். ஐந்து குடும்பங்களுக்கு உரியது, அதில் எங்கள் வீடும் ஒன்று. அப்பா காலமான பிறகு கூட்டத்தில் எழுத்து வேலை என்னிடம் வந்தது. அப்போது எனக்கு முப்பத்தொன்று. பூசை செய்தவர் போற்றி. நந்தவனத்தில் பூப்பறித்து, மாலை கட்டி, நடை திறக்கும்முன் கொண்டு கொடுத்தவர் இவர். ஊருக்கு மாலைக்காரர், எனக்கு அண்ணாச்சி. என்னைவிட இருபத்துநான்கு வயது மூத்தவர். ஆனாலும் என்னைப் பிள்ளைவாள் என்றுதான் கூப்பிடுவார்.

சாமிக்கு உள்ள பூவை முகரக் கூடாது. முகர்ந்தால் பூ எச்சிலாகிவிடும். இது எங்கள் ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் நினைவு வந்தபோது அதைக் கடைப்பிடித்தார்கள். அவருக்கு அது மறந்த நேரம் என்று ஒன்று இருந்ததாக நான் அறியவில்லை.

நந்தவனத்துக்குள் போகும்முன் தோளில் கிடக்கும் துவர்த்தை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டுவார். மண்டபத்தில் மாலை கட்ட உட்காரும்முன் வாழைநாரில் ஒரு இழை கிழித்துத் தூணிலிருந்து தொங்கவிடுவார். அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பார். காற்று வரும் பக்கத்தில் தான் உட்கார்ந்து, போகும் பக்கத்தில் பூக்கூடையை வைப்பார். காற்று திரும்பினால் அவரும் கூடையைச் சுற்றிக்கொண்டு நகர்வார். மகர மாதக் காற்றில் ஒரு பெரிய மாலை கட்டி முடிப்பதற்குள் முழு வட்டம் வந்துவிடுவார்.

"பிரகாரம் சுத்துறது இஞ்சயே முடிஞ்சுபோச்சே அண்ணாச்சி" என்று ஒருநாள் சொன்னேன்.

"சிரியும். உமக்கு என்ன, கச்சேரியில காகிதம் மணக்கவா போகுது" என்றார்.

"எவ்வளவு ஒதுங்கினாலும் கொறச்சு மணம் வரத்தானே செய்யும்?"

"தானா வாறது வரட்டும். காத்த நான் பிடிச்சுக் கட்ட முடியுமா? நானா தேடிப் போறதாக்கும் குத்தம்."

அவர் கடுமையெல்லாம் தன்னோடு மட்டும்தான். ஒருமுறை தரிசனத்துக்கு வந்த ஒரு சிறுமி கூடையிலிருந்து பிச்சி ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துவிட்டாள். அவள் அம்மா கையை ஓங்கினாள். இவர் தடுத்து, அந்தப் பூவை வாங்கி, தனியாக ஒரு இலைத்துண்டில் வைத்துத் திருப்பி அவளிடமே கொடுத்தார். "இது உனக்குள்ளது மக்கா. நல்லா மணத்திப் பாரு. பாத்துட்டு எப்படி இருந்துன்னு உங்கம்மைட்ட சொல்லு" என்றார். சிறுமி போன பிறகும் அந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமிக்குச் சாத்திக் களைந்த பூ பிரசாதம். அதை முகரலாம், சூடலாம். மறுநாள் காலையில் களையும் மாலையில் ஒரு பங்கு அவருக்கு. வாடிய பிச்சியைப் பிரித்துத் தன் மனைவியிடம் கொடுப்பார். அவர்களை நான் மதினி என்பேன். எண்ணெய்ப் புகையும் சந்தனமும் ஏறிய அந்தப் பூவை மதினி தலையில் வைத்துக்கொண்டு கஞ்சி பரிமாறும்போதுதான் அவருக்குப் பிச்சி மணம்.

"பதினாறு வயசில கட்டத் தொடங்கினேன் பிள்ளைவாள். இத்தன வருசத்தில நான் அறிஞ்ச பிச்சி எல்லாம் முந்தின நாளத்ததாக்கும்" என்று சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. "அறுபது திகைஞ்சா இந்த வேலைய விட்டிருவேன். விட்ட அண்ணைக்கு விடியக்காலம் ஒரு கூடை பிச்சி வாங்குவேன். சாமிக்கு இல்ல, எனக்கு. அதுக்குள்ள முகத்த வச்சு ஒரு நாழிகை இருப்பேன். ஆரும் விளிக்கப்பிடாது."

மதினி அடுக்களையிலிருந்து, "எறும்பு கடிக்கும்" என்றார்.

"கடிக்கட்டும்."

1086 மேடத்தில் அவர் செண்பக மரத்திலிருந்து விழுந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மிதித்த கொம்பு ஒடிந்து, பின்மண்டை நந்தவனத்துக் கிணற்றுச் சுவரில் பட்டது. இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்து, "மாலை ஆரு கட்டினா?" என்று கேட்டார். மதினி அழுதுகொண்டே, "நான்தான் கட்டினேன், போற்றி வாங்கிட்டாரு" என்றார். "மூக்கு கட்டினியா?" என்றார் அடுத்து. பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

மூக்கின் சங்கதி பத்து நாள் கழித்துத் தெரிந்தது. நான் பார்க்கப் போயிருந்தேன். தலையில் பச்சிலைக் கட்டோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டு மூலையில் ஒரு கூழச்சக்கைப் பலா பழுத்து, அந்த வாசம் படலைக்கு வெளியே வரை வந்தது. பக்கத்து வீட்டுக் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. மதினி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியோடு வந்தார்.

"அத எதுக்கு இப்பம் வெட்டுக? இன்னும் பழுக்கலியே" என்றார் இவர்.

மதினி என்னைப் பார்த்தார். நான் கன்றைப் பார்த்தேன்.

"முந்தாநாளே பழுத்துப்போச்சு" என்றார் மதினி மெதுவாக.

அவர் எழுந்து போய்ச் சக்கைமேல் குனிந்து முகத்தை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் பால் ஒட்டியிருந்தது. "வெள்ளத்தில முகம் கழுகின மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றே நல்லமிளகு, பெருங்காயம், மண்ணெண்ணெய் எல்லாம் கொண்டுவரச் சொன்னார். மிளகைப் பொடித்து முகர்ந்து தும்மிவிட்டு, "குத்துது. மணக்கல" என்றார். வைத்தியர் வந்து பார்த்தார். மண்டையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி மூக்கு அவிந்துபோகும், சிலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பும், சொல்ல முடியாது என்றார். தலைக்குத் தைலம் கொடுத்தார்.

திரும்பவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுபது திகைய ஒரு வருடம் இருக்கும்போது, 1091இல், காய்ச்சலில் போனார். அதுவரை திரும்பவில்லை.

ஆனால் அவர் காத்திருந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மறுபடி மாலை கட்ட வந்தார். துவர்த்தை மூக்கில் கட்டினார். நாரைத் தொங்கவிட்டுக் காற்றுப் பார்த்தார். காற்று வரும் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"இனி இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"திரும்பி வரும்னு வைத்தியரு சொல்லியிருக்காரே. வாற நேரம் எதுன்னு எனக்குத் தெரியுமா? பூக்கூடை முன்னால இருக்கும்போது வந்திட்டா?"

வீட்டில் அவர் பட்டதை மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பாட்டில் உப்பு உண்டு, புளி உண்டு, காரம் உண்டு, மற்றதெல்லாம் எங்கே போச்சு என்று கேட்பாராம். கடிக்கும்போது சத்தம் கேட்கிற பண்டம்தான் வேண்டும் என்று வற்றலும் அப்பளமுமாகத் தின்றார். தன் உடம்பு மணக்கிறதோ என்று பயந்து நாளைக்கு மூன்று முறை குளித்தார். யாரோடு பேசினாலும் ஒரு கையெட்டும் தூரம் தள்ளி நின்றார். மழை வருவதை முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். இப்போது வெளியே வந்து வானத்தைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார்.

மதினி வாடிய பிச்சியைச் சூடுவதை நிறுத்திவிட்டார். அவர் விடவில்லை. வற்புறுத்திச் சூடச் சொல்லி, "இண்ணைக்கு எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்டார்.

"நேத்தையது மாதிரித்தான் இருக்கு."

"நேத்து எப்படி இருந்து?"

"அதுக்கு முந்தினது மாதிரி. என்னைய போட்டுக் கொல்லாதீங்க, அடுப்பில சோறு கெடக்கு."

ஊர் இந்தச் சங்கதியை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. தொடங்கி வைத்தவர் ஐந்து வீட்டாரில் மூத்தவரான வலியவீட்டுப் பிள்ளை. எப்போதும் இடுப்பில் மூக்குப்பொடி டப்பி வைத்திருப்பவர். "இப்பந்தான் வேய் இவன் நெசமான மாலைக்காரன். இனி கூடைக்குள்ள தலைய விட்டாலும் குத்தம் இல்ல. சாமி பாத்து எடுத்துக்கிட்டாரு" என்றார். பேச்சு பரவியது. ஆரியங்கோட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நேர்ச்சை மாலைக்கு ஆள் வந்தது. மணம் அறியாதவர் கையால் கட்டிய மாலை என்றால் தனி விசேஷம். நவராத்திரியில் ஒருநாள் கூட்டத்தின் நடுவே அவரை நிறுத்தி, வலியவீட்டுப் பிள்ளை ஒரு கசவு நேரியது போர்த்தினார். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், "வாய் பேச ஏலாதவன் பொய் சொல்லல்லன்னு ஆராவது மெச்சுவாவளா பிள்ளைவாள்?" என்றார். நேரியதை அவர் உடுத்தி நான் பார்க்கவில்லை.

தனு மாதத் திருவாதிரை வந்தது. அந்த மாதத்தில் நந்தவனத்தில் பூக் குறைவு. தோவாளையிலிருந்து கூடை வரும். வழக்கமாகச் சுமந்து வருகிறவனுக்குக் காய்ச்சல். அவன் மச்சினன் வந்தான். வழியில் கூடையின் அடி கிழிந்துபோக, குழித்துறைச் சந்தையில் ஒரு கூடையை இரவல் வாங்கி, வாழையிலை விரித்துப் பூவை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் கூடையில் அதற்குமுன் என்ன இருந்தது என்று அவன் கேட்கவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. மாலைக்காரர் கூடையை வாங்கி, பூவின் நிறத்தையும் இதழையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, காற்று வரும் பக்கம் உட்கார்ந்து, ஆள் உயரத்துக்கு ஒரு மாலை கட்டினார். அதைப்போல அழகான மாலையை நான் பார்த்ததில்லை.

அந்தியில் கூட்டம் நெருக்கியடித்தது. நான் நடைக்கு நேரே மூன்றாம் வரிசையில் நின்றேன். மாலை உள்ளே போனது. கருவறை சிறியது, விளக்குகள் அன்று அதிகம். சூடு ஏற ஏற அது மெல்ல வெளியே வந்தது. கருவாடு. ஐயத்துக்கு இடமே இல்லை.

போற்றியின் கை ஒரு கணம் நின்று, மணியை வேகமாக ஆட்டியது. வலியவீட்டுப் பிள்ளை டப்பியை எடுத்து இரண்டு மூக்கிலும் பொடியை ஏற்றிக்கொண்டார். பெண்கள் வியர்வை துடைப்பது போல முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு குழந்தை, "அம்மே, கருவா..." என்று தொடங்கியதும் அதன் வாய் பொத்தப்பட்டது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மணக்கிறது என்று சொன்னால் சாமிக்குள்ள பூவை முகர்ந்தது நான் என்று ஒத்துக்கொண்டதாகும். களைந்த பிறகோ அது பிரசாதம், அதைக் குறை சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழாது. போற்றி சாம்பிராணியை வாரிப் போட்டார். புகை மண்டபத்தை மூடியது. சாம்பிராணியும் கருவாடும் கலந்த அந்த வாசத்தில் நாங்கள் நூறு பேர் கைகூப்பி நின்றோம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கடைசியில், தூணருகே நின்றார். கண்ணை மூடியிருந்தார். மாலை நன்றாக அமைந்த நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

அன்று நாட்குறிப்பில் நான் எழுதியது: திருவாதிரை. தீபாராதனை நன்றாக நடந்தது.

மறுநாள் காலை மதினி பிரசாதப் பூவைக் கையில் எடுத்து, "இத நான் தலையில வைக்க மாட்டேன். கருவாட்டு நாத்தம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் நேரே என்னிடம் வந்தார். நான் கச்சேரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையெட்டும் தூரத்தில் நின்றார்.

"நீரு முன்னால நின்னீரு. மாலை மணத்துதா?"

"பூ மணம்தான் அண்ணாச்சி."

"வேற?"

படிக்குக் கீழே செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். "வேற ஒண்ணும் எனக்குத் தெரியல."

"உம்ம மூக்குக்கு ஒண்ணும் ஆகல்லியே?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்கு நின்றார். நான் நேரமாயிற்று என்று நடந்துவிட்டேன். கூட்டத்தில் எழுதும் வேலை எனக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. முகர்ந்தவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வலியவீட்டுப் பிள்ளையின் முன் எப்படி உட்காருவது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது.

அவர் போற்றியிடம் கேட்டார். போற்றி, "எனக்கு ஒண்ணும் அறியாது. எல்லாம் பகவானுக்கு அறியாம்" என்றார். வலியவீட்டுப் பிள்ளை, அதைப்போல வாசனையான மாலை இந்தக் கோயில் கண்டதில்லை என்று அதற்குள் நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். பதினைந்து நாள் அவர் வீடு வீடாகக் கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில். கடைசியில் மீதி இருந்தது மதினியின் சொல் மட்டும்.

"ஊரு முழுக்க இல்லங்குது. உனக்கு மட்டும் எப்படி மணத்துது?" என்று கேட்டிருக்கிறார்.

"அப்பம் நான் பொய் சொல்லுகேனா?"

"பொய்யின்னு சொல்லல்ல. ஒருவேள உனக்கும் மூக்கில..."

மதினி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவை என்று என் மனைவி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "நீங்க அண்ணைக்குக் கோயிலில முன்னாலதானே நின்னிய?" என்று கேட்டாள்.

மகரம் 9ஆம் தேதிக் கூட்டம் இதற்குப் பிறகுதான். ஐந்து வீட்டாரும் மண்டபத்தில் இருந்தோம். போற்றி நடைவாசலில் நின்றார். மாலைக்காரர் கீழே நின்று பேசினார். பேச்சை முன்பே யோசித்து வந்திருந்தார் என்று தெரிந்தது.

"எனக்கு விலகணும். கண்ணுக்கு நல்லா இருக்க பூ உள்ள அழுகியிருக்கும். ஈரத்தில கிடந்த பூ, எலி ஓடின பூ, ஒண்ணையும் நான் அறிய மாட்டேன். கண்ணக் கட்டிக்கிட்டுச் சாமிக்குக் குடுக்கது மாதிரி இருக்கு."

"நாப்பது வருசம் கட்டின கைக்கு எதுக்கு வேய் மூக்கு?" என்றார் வலியவீட்டுப் பிள்ளை.

"திருவாதிரைக்கு மாலை நாறிச்சுன்னு என் வீட்டில சொல்லுகா."

"பெண்ணடிகள் ஆயிரம் சொல்லும். இஞ்ச இத்தன பேரு உண்டு. கேளும்."

அவர் கேட்டார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "உங்களுக்கு மணத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். போற்றி தலையை ஆட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். என்னிடம் மட்டும் கேள்வியைச் சொல்லவில்லை, பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதும் பிள்ளே, அனுமதி இல்லன்னு" என்றார் வலியவீட்டுப் பிள்ளை.

எழுதினேன்.

"செரி. அப்பம் நாளைக்கும் கட்டணும்" என்றார் மாலைக்காரர். துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நந்தவனத்துப் பக்கம் போனார். அந்திக்குள் பிச்சி மொட்டுப் பறித்து ஈரத்துணியில் வைத்தால்தான் விடிகையில் விரியும். அன்று தீபாராதனையில் அவர் வழக்கமான தூணருகே இல்லை. வாசலுக்கு வெளியே நின்றார்.

மகரம் 10, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். குளிக்கவில்லை, பல் துலக்கவில்லை. நேரே நந்தவனத்துக்குப் போனேன். அவர் வீடும் அதை ஒட்டித்தான். மதினி முற்றத்தில் சாணி தெளித்துக்கொண்டிருந்தார். அவர் துவர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு நார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"குளிக்காம இஞ்ச எதுக்கு வந்தீரு?" என்றார்.

"மணத்துது அண்ணாச்சி. திருவாதிரைக்கு. கருவாடு. நான் நின்ன இடத்தையும் தாண்டிப் பின்னால வரைக்கும் மணத்துது. எல்லாருக்கும் தெரியும்."

அவர் நாரைக் கீழே வைத்தார். மதினி பக்கம் திரும்பினார். மதினி வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து, "இப்பமாவது பிள்ளைக்கு மூக்கு தொறந்துதே" என்றார். பிறகு அவரைப் பார்த்து, "நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்று சொல்லி உள்ளே போனார்.

அவர் கோயில் பக்கம் பார்த்தார். "விடமாட்டாவ, இல்லியா?" என்றார்.

"விடமாட்டாவ."

"பின்ன நான் எப்படிக் கட்டுக?"

நான் கூடைக்கு எதிரே உட்கார்ந்தேன். "நான் பாத்துத் தாறேன். ஒவ்வொரு பிடியா."

"அது குத்தமாக்கும்."

"அது எனக்கு இருக்கட்டும்."

கூடையின் மேலே அரளியும் தெச்சியும் இருந்தன. மகரத்தில் பிச்சி குறைவு, இரண்டு பிடிதான், ஈரத்துணியில் தனியாக. அவர் அந்தத் துணியைத்தான் விரித்து என் பக்கம் தள்ளினார். ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். என் வாழ்நாளில் சாமிக்குள்ள பூவைத் தெரிந்தே முகர்ந்தது அன்றுதான்.

"அழுகல் இல்ல. நல்ல பூ" என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. கண்கள் மட்டும் துவர்த்துக்கு மேலே தெரிந்தன.

"அது செரி. எப்படி இருக்கு?"

மறுபடி முகர்ந்தேன். "முதல்ல ஒரு குளிர்ச்சி. ராத்திரி செம்பில வெளியில வச்ச வெள்ளம் மாதிரி. அதுக்குப் பெறகு கொறச்சு இனிப்பு, நாக்கில இல்ல, தொண்டைக்கிட்ட."

"முந்தின நாளத்தது மாதிரியா?"

"இல்ல. அதில எண்ணெய் உண்டு, புகை உண்டு. இதில ஒண்ணும் ஏறல்ல. இப்பந்தான் விரிஞ்சிருக்கு."

அவர் கட்டுவதற்குக் கை நீட்டவே இல்லை. "பின்ன?" என்றார்.

நான் மூன்றாவது முறை முகர்ந்தேன்.